வேண்டாத ‘டைம்ஷேர்’: தலைமுழுகுவது எப்படி?

“உங்கள் விடுமுறை மெம்பர்ஷிப்பை 5 லட்சம் ரூபாய்க்கு வாங்க ஆள் தயார்!”

மும்பை சயானில் வசிக்கும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவருக்கு வந்த போன் இது. தனியார் கம்பெனியில் கணக்கர். அவர் வாங்கிய விலையோ 3 லட்சம். ஒன்றரை ஆண்டாக அதைத் தள்ளிவிட வழி தெரியாமல் தவித்தவருக்கு, பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது.

“ஒரே நிபந்தனை. பெயர் மாற்றக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 28 ஆயிரம் ரூபாயை இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்” என்றது அந்தக் குரல்.

பணம் அனுப்பப் போன நேரத்தில் பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்: “அண்ணாச்சி, விற்றுத் தருகிறவன் விற்ற பணத்தில்தானே கமிஷன் எடுப்பான்? முன்பணம் எதற்கு?”

அந்த ஒரு கேள்வி 28 ஆயிரத்தைக் காப்பாற்றியது.

பரிசு தந்த வினை

வினை தொடங்கியது ஒரு ஷாப்பிங் மாலில். பெயரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்ட கூப்பனுக்குப் ‘பரிசு’ விழுந்தது. மனைவியோடு வரச் சொன்னார்கள். ஓட்டலில் விருந்து, 3 மணி நேரப் பேச்சு. “இந்த விலை இன்று மட்டும்தான்” என்றார்கள். கிரெடிட் கார்டில் முன்பணம், மீதிக்கு மாதத் தவணை என்று கையெழுத்தானது.

தாள்களைப் படித்தது அதன் பிறகுதான். விடுதியில் ஒரு செங்கல்கூட சொந்தமில்லை. ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை மட்டுமே. அதுவும் 25 ஆண்டுக்கு. போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 14 ஆயிரம். அது உயராமல் இருந்தாலே 25 ஆண்டுக்கு மூன்றரை லட்சம்!

பருவத்துக்கு ஒரு நிறம் வைத்திருந்தார்கள். அவர் வாங்கிய நிறம் மே மாதத்துக்குச் செல்லாது. மற்ற மாதங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அவருக்கு இருக்கிற லீவோ ஊர்க் கோவில் கொடைக்கே சரியாகிவிடும்.

என்ன செய்யலாம்?

டைம்ஷேருக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பிரிட்டனில் 14 நாளுக்குள் ரத்து செய்யச் சட்டமே இடம் தருகிறது. இங்கே ஒப்பந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டும். ரத்து செய்யச் சில நாள் அவகாசம் என்று அதில் இருந்தால், அந்தக் கெடுவுக்குள் ஈமெயிலிலும் ஸ்பீடு போஸ்டிலும் எழுதிவிட வேண்டும். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

கெடு தாண்டிவிட்டால்? அப்போதும் ரத்து கேட்டு எழுதலாம். வாய்மொழியாகத் தந்த வாக்குறுதிகள், அறை கேட்டு மறுக்கப்பட்ட தேதிகள் எல்லாவற்றையும் குறிப்பிட வேண்டும். பெயர் மாற்ற விதியைக் கம்பெனியிடமே நேராகக் கேட்கலாம்.

கோபத்தில் தவணையை நிறுத்துவது ஆபத்து. அது வங்கிக் கடனாக இருந்தால், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தப் பாக்கி குறுக்கே நிற்கும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நாம் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற இடத்திலேயே மனுப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

விற்றுத் தருவதாக முன்பணம் கேட்பவரை நம்பவே கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

சயான்காரரின் கடிதம் போய்விட்டது. மறுக்கப்பட்ட 6 தேதிகளும் அதில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் இன்னும் 6 மாதமே பாக்கி என்பதால், ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது.

அந்தக் குரல் மறுபடி அழைத்தது. “உங்கள் 28 ஆயிரத்தை விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார் இவர்.

பிறகு போன் வரவே இல்லை.