அவசரத் தீர்ப்பு (கிறித்தவ அறநெறி)

அவசரத் தீர்ப்பு என்பது, ஒருவர் குற்றம் செய்தவர் என்று போதிய ஆதாரமின்றி மனத்தளவில் முடிவு செய்வதைக் குறிக்கும் கிறித்தவ அறநெறிக் கருத்தாகும். அம்முடிவு வாய்விட்டுச் சொல்லப்படாவிடினும் பிறருக்கு இழைக்கப்படும் அநீதியாகவே கருதப்படுகிறது. பத்துக் கட்டளைகளில் பொய்ச்சான்று சொல்வதைத் தடுக்கும் கட்டளையின் கீழ் இது விளக்கப்படுகிறது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் இதனை எட்டாம் கட்டளையாகவும், மரபுவழித் திருச்சபையினரும் சீர்திருத்தச் சபையினரும் ஒன்பதாம் கட்டளையாகவும் எண்ணுகின்றனர்.

விவிலியத்தில்

பழைய ஏற்பாட்டில் 1 சாமுவேல் நூலின் முதல் அதிகாரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பிள்ளைப்பேறு இல்லாத அன்னா, சீலோவில் இருந்த ஆண்டவரின் இல்லத்தில் அழுது மன்றாடினார். அவருடைய உதடுகள் அசைந்தன, குரல் கேட்கவில்லை. இதைக் கண்ட குரு ஏலி, அவர் குடித்திருப்பதாக எண்ணிக் கடிந்துகொண்டார். அன்னா தம் துயரத்தைக் கூறியபின் ஏலி அவருக்கு ஆசி வழங்கினார். ஏலி கண்ணால் கண்டது உண்மையே. அதிலிருந்து அவர் கொண்ட முடிவே தவறானது.

புதிய ஏற்பாட்டில் இயேசுவின் மலைப்பொழிவில் (மத்தேயு 7:1-5) துரும்பும் மரக்கட்டையும் பற்றிய உவமை இடம்பெறுகிறது. இது பிறரைத் திருத்துவதை அடியோடு விலக்கவில்லை. முதலில் தன் கண்ணிலுள்ள கட்டையை எடுத்தெறிந்த பின்னரே பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கத் தெளிவான பார்வை கிடைக்கும் என்பதே அதன் கருத்து. வெளித்தோற்றத்தின்படி தீர்ப்பிடலாகாது என்று யோவான் 7:24 கூறுகிறது.

அக்குவைனசின் விளக்கம்

13ஆம் நூற்றாண்டு இறையியலாளரான தாமஸ் அக்குவைனஸ், தமது 'சும்மா தியோலோஜியே' என்னும் நூலில் ஐயத்தால் எழும் தீர்ப்பை ஆராய்ந்துள்ளார். பிறர்மீது ஐயம் தோன்றுவதற்கு அவர் மூன்று காரணங்களைக் கூறுகிறார்:

1. ஐயுறுபவரிடமே தீய குணம் இருத்தல்
2. வெறுப்பு, சினம், பொறாமை ஆகியவற்றால் சிறு அறிகுறியையும் பெரிதாகக் கொள்ளுதல்
3. பிறர் குறைகளை நெடுங்காலம் கண்ட பட்டறிவு

முதல் இரண்டும் ஐயுறுபவரின் மனநிலையிலிருந்து எழுபவை என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லோரையும் நல்லவராக எண்ணுபவர் அடிக்கடி ஏமாறுவாரே என்ற எதிர்வாதத்தையும் அவர் எடுத்துக்கொள்கிறார். தீயவரை நல்லவர் எனப் பலமுறை தவறாக எண்ணுவது, நல்லவரைத் தீயவர் எனச் சிலமுறை எண்ணுவதைவிட மேலானது என்பது அவரது விடை. முன்னதில் எவருக்கும் அநீதி நேர்வதில்லை. பின்னதில் மற்றொருவர் அநீதிக்கு உள்ளாகிறார். இங்கு தவறுகளின் எண்ணிக்கையைவிட அவற்றால் விளையும் தீங்கே முதன்மை பெறுகிறது.

பிற்காலப் போதனைகள்

மார்ட்டின் லூதர் 1529இல் வெளியிட்ட சிறிய மறைக்கல்வி நூலில், அயலாரைப் பற்றி நல்லதே பேசி, அவர் செயல்களுக்கு நல்ல பொருளே கொள்ளுமாறு அறிவுறுத்துகிறார். லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் (1548) ஒரு நடைமுறையைத் தருகிறது: பிறர் கூற்றுக்கு முதலில் நல்ல பொருள் காணவேண்டும், இயலாவிடில் எப்பொருளில் கூறினார் என்று அவரிடமே கேட்கவேண்டும், அது தவறாயின் அன்போடு திருத்தவேண்டும். 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2478) இக்கருத்தை மேற்கோளாகத் தருகிறது. அதற்கு முந்தைய எண் 2477, அவசரத் தீர்ப்பைப் புறங்கூறுதல், அவதூறு ஆகியவற்றுடன் சேர்த்து விளக்குகிறது.

எல்லைகள்

இக்கருத்து நீதிமன்ற விசாரணையையோ தீமையைக் கண்டிப்பதையோ மறுப்பதன்று. உரிய அதிகாரமுடையவர் நீதியுணர்வோடும் விவேகத்தோடும் வழங்கும் தீர்ப்பு முறையானதே என்கிறார் அக்குவைனஸ். ஒரு தீமைக்குத் தீர்வு காணும்போது, அது உறுதியாகப் பயன்படும்பொருட்டு, மோசமான நிலையையே கருத்தில் கொண்டு செயற்படுவது தகும் எனவும் அவர் கூறுகிறார். ஆகவே, ஒருவரைக் குற்றவாளி என முடிவு செய்யாமலே தீங்கு நேராதபடி முன்காப்புச் செய்ய இயலும். அவ்வாறே, முறையிடுபவரின் வாயை அடைக்க இப்போதனையைப் பயன்படுத்துவதும் பொருந்தாது. விசாரிக்காமல் அவரைப் பொய்யர் எனக் கொள்வதும் அவசரத் தீர்ப்பே ஆகும்.