பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு!

மாணவ நண்பர்களே, தேர்வு அறைக்குள் நுழையும்போது உங்கள் நெஞ்சு படபடக்கும் அல்லவா? 'தேர்வு பயம்' என்று எண்ணி விட்டுவிடுகிறீர்கள். அதே படபடப்பை ஒருவர் 'ஐயோ, மாரடைப்பு!' என்று எண்ணினால் என்ன ஆகும்? பயம் பெருகும். பயத்தால் இதயம் இன்னும் விரைந்து துடிக்கும். அதனால் பயம் மேலும் பெருகும். திடீர்ப் பீதி நோய் இப்படி ஒரு வட்டமாகச் சுழல்கிறது என்று 1986-இல் விளக்கினார், பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் டேவிட் கிளார்க்.

இந்த வட்டத்தை உடைக்கும் முறைகளுள் ஒன்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) 1960-களில் இதற்கு அடிப்படை அமைத்தார். நோயாளியின் எண்ணத்தை ஒரு கருதுகோளாகக் கொண்டு, அதைச் சோதித்துப் பார்ப்பதே இதன் உயிர்நாடி. இதயம் நலமாக உள்ளது என்று மருத்துவர் உறுதி செய்த பின், சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்து மாடிப்படிகளில் விரைந்து ஏறுவார்கள். இருவர் நெஞ்சும் படபடக்கும்; சற்று நேரத்தில் தானே அடங்கும். படபடப்பு வேறு, மாரடைப்பு வேறு என்பதை நோயாளி நேரில் காண்கிறார்.

பேசுவதற்கு ஒரு படிப்பா?

இங்கிலாந்தில் அரசின் பொது மருத்துவச் சேவை 2008-இல் இத்தகைய சிகிச்சைகளை நாடெங்கும் பரப்பத் தொடங்கியது. அதற்குச் சிகிச்சையாளர்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். மனநலத் துறையில் முன்பே பணியாற்றிய செவிலியர், சமூகப் பணியாளர், உளவியல் பயின்றோர் முதலியோர் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பில் சேர்கின்றனர். வாரத்தில் இரண்டு நாள் பல்கலைக்கழக வகுப்பு. மூன்று நாள் சிகிச்சை நிலையத்தில் பணி. அங்கே அவர்கள் முன் அமர்பவர்கள் உண்மையான நோயாளிகள்.

ஒலிப்பதிவே விடைத்தாள்

நோயாளியின் இசைவோடு உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. அனுபவம் மிக்க மேற்பார்வையாளர் அதைக் கேட்டு மதிப்பிடுகிறார். மதிப்பீட்டில் 12 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். மொத்தம் 72; தேர்ச்சிக்கு 36 வேண்டும். அன்று பேச வேண்டியவற்றை இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்களா? நேரத்தைச் சரியாகப் பங்கிட்டார்களா? வீட்டுப்பாடம் தரப்பட்டதா?

இவற்றுள் கடினமானது கேள்வி கேட்கும் கலை. 'உங்களுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்' என்பது அன்பான சொல்தான். ஆனால் அதற்கு மதிப்பெண் குறைவு! 'முன்பு இப்படி வந்தபோது என்ன நடக்கும் என்று அஞ்சினீர்கள்? உண்மையில் என்ன நடந்தது?' என்று கேட்பவரே நல்ல சிகிச்சையாளர். விடையை நோயாளி தாமே கண்டறிய வேண்டும்.

கற்பவரிடம் ஒப்படைக்கலாமா?

துன்பப்படும் ஒருவரைக் கற்றுக்கொண்டிருப்பவரிடம் ஒப்படைப்பது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒவ்வொரு சந்திப்பிலும் அளவீடு உண்டு. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்த எண் இறங்கவில்லையா? பயிற்சி பெறுபவர் அதை மேற்பார்வையாளரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வழியை மாற்ற வேண்டும். துறைச் சங்கத்தின் அங்கீகாரம் பெற, மேற்பார்வையின் கீழ் குறைந்தது 200 மணி நேரம் சிகிச்சை அளித்திருக்க வேண்டும். எட்டு நோயாளிகளையாவது தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்திருக்கவும் வேண்டும்.

அங்கே சிகிச்சையை முடிப்பவர்களில் சுமார் பாதிப் பேர் நோய் நீங்கி நலம் அடைகின்றனர். மற்றவர்களுக்கு வேறு உதவி தேவைப்படலாம். இதை மறைக்காமல் எண்ணிச் சொல்வதும் அறிவியலே.

'நான் தேறவே மாட்டேன்' என்று உங்கள் நண்பன் சொன்னால், உடனே ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். 'எதை வைத்து அப்படி நினைக்கிறாய்?' என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். சோர்வு நாள்கணக்கில் நீடித்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.