கடவுச்சீட்டு வேண்டாத அயல்நகரம்

அரியலூரில் ரயிலேறி விழுப்புரத்தில் வண்டி மாறினால் புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட நகரம். சனி, ஞாயிறு இரு தினங்களில் தோழியருடன் கண்டு வரலாம். போலீஸாரின் சிவப்புத் தொப்பியும், 'ரூ' என்று தொடங்கும் வீதிப் பெயர்களும் அயல்நாட்டில் இருக்கிறோமோ என்று எண்ணச் செய்யும்! நடுவே பெரிய வாய்க்கால். கிழக்கே வெள்ளையர் வாழ்ந்தனர், மேற்கே தமிழர்.

எங்கள் மனத்தைத் தொட்டதோ, மேற்கே மிஷன் வீதியிலுள்ள சம்பா கோவில். 'செயின்ட் பால்' என்பதே 'சம்பா' என மருவியது என்பர். இன்றைய ஆலயம் 1791-இல் கட்டி முடிந்தது. முன்பிருந்த கோவிலை 1761-இல் ஆங்கிலேயர் அழித்தனர். அந்தப் பழைய கோவிலுக்குள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. கோவிலுக்குள்ளேயே சுவர்! அது இடிபட்ட கதையை, பிரெஞ்சுக் கவர்னரிடம் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் வருடத்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அம்மக்கள், பெண்கள் உட்பட, திரளாகச் சென்று பெரிய குருவானவரிடம் முறையிட்டனர். அவரும் நியாயத்தை ஒப்புக்கொண்டு சுவரை இடிப்பித்து, எல்லாரும் தம் பிள்ளைகளே, கலந்து உட்காருங்கள் என்றார். மேல்சாதியார் சினந்தனர்.

பிள்ளையின் மாளிகை பெரிய கடைக்கு அருகில் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளம் தமிழ்முறை, மேல்தளம் பிரெஞ்சுமுறை.