ஓடுறது சரி, நிக்குமா?

ஏழு வயதில், ஃபோர்ட் மஸ்டாங் மலேசியாவில் செய்யப்படும் கார் என்று உறுதியாக நம்பினேன். ஆதாரம் என் கையிலேயே இருந்தது. கிள்ளானில் ஒரு பேரங்காடியில் அம்மா வாங்கித் தந்த ஹாட் வீல்ஸ் பொம்மைக் காரைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ‘மேட் இன் மலேசியா’ என்று பொறித்திருக்கும். பினாங்கில் உள்ள தொழிற்சாலையிலிருந்து அந்தப் பொம்மைகள் உலகம் முழுக்கப் போகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. பெரிய கார் அமெரிக்காவில், சின்னக் கார் நம் நாட்டில்!

“பெண் பிள்ளைக்கு எதற்குக் கார் பொம்மை?” என்று அத்தைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பொம்மைகளோ கமாரோ, சார்ஜர், பாரகுடா, கார்வெட் என்று ஐம்பதைத் தாண்டின. அவற்றில் பாட்டிக்குப் பிடித்த பெயர் ஒன்றே ஒன்று: பாண்டியாக். “பாண்டியன் காரா?” என்பார். பாட்டி சொன்னதில் பாதி உண்மை உண்டு. பாண்டியாக் என்பவரும் ஒரு தலைவர்தான். 1763ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் தொடுத்த ஒடாவா பழங்குடித் தலைவர். மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்த ஊரின் பெயர் காருக்கு வந்தது.

அப்பா சிறிய கார் பட்டறை வைத்திருக்கிறார். நான் எஸ்.பி.எம். எழுதிய ஆண்டு, ஒரு நாள் மாலை பட்டறைக்குப் போய், வேனுக்கு அடியில் படுத்திருந்த அவரிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். 1964ஆம் ஆண்டின் பாண்டியாக் ஜிடிஓ, வி8 இஞ்சின், 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன், மூன்று கார்ப்ரேட்டர் வைத்தால் 348. ‘மஸில் கார்’ என்ற வகையையே தொடங்கி வைத்த கார் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

வேனுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “ஓடுறது சரிம்மா, நிக்குமா?”

எனக்குக் கோபம் வந்தது. கவிதையைப் படித்துக் காட்டினால் காகிதம் என்ன விலை என்று கேட்பதுபோல் இருந்தது. ஆனால் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

ஜிடிஓ பிறந்த விதமே ஒரு சுவையான கதை. 1963ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார் பிரிவுகள் பந்தயத்துக்கு ஆதரவு கொடுக்கக்கூடாது என்று தடை போட்டது. பாண்டியாக் பிரிவுக்கு அது பெரிய அடி. பந்தயத்தில் வாங்கிய பெயரை வைத்துத்தான் அவர்கள் இளைஞர்களிடம் கார் விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்போது அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். ஆம், ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் காலத்தைக் கடந்து போகுமே, அந்தக் காரை உருவாக்கியவர்தான்.

சனிக்கிழமைகளில் அவரும் சக பொறியாளர்களும் சோதனைத் திடலில் கூடுவார்கள். ஒரு நாள், தூக்கி நிறுத்திய டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பில் காலின்ஸ் என்ற பொறியாளருக்கு ஒன்று தோன்றியது. அந்தக் காரில் இருந்த 326 கன அங்குல இஞ்சினும், பெரிய பாண்டியாக் கார்களில் இருந்த 389 கன அங்குல இஞ்சினும் வெளி அளவில் ஒன்றேதான். கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினால் அப்படியே உட்கார்ந்துவிடும்!

நிறுவன விதி குறுக்கே நின்றது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேல் இஞ்சின் வைக்கக்கூடாது. ஆனால் விதி புதிய கார் மாதிரிகளுக்குத்தான்; வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்கும் பொருள்களுக்கு மேலிடத்து அனுமதி தேவையில்லை. அந்த ஓட்டையில் புகுந்தார்கள். சுமார் 295 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் டெம்பெஸ்ட் ஜிடிஓ ஆகிவிடும். பெயரையும் ஃபெராரியிடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். 5,000 கார் விற்றால் போதும் என்று அனுமதித்தார்கள். முதல் ஆண்டில் 32,450 விற்றது.

6.4 லிட்டர் என்றால் எவ்வளவு என்று நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நம் பழைய பெரோடுவா கஞ்சில் 660 சிசி. கிட்டத்தட்ட பத்து கஞ்சில் இஞ்சின்களை ஒரே மூடிக்குள் அடைத்ததுபோல!

வாங்கியவர்கள் யார் என்பது இன்னும் முக்கியம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் 1964இல் பதினெட்டு வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்ட் நிறுவனம் மஸ்டாங்கை 2,368 டாலருக்கு வெளியிட்டது. முதல் பன்னிரண்டு மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்று ஏலத்தில் கோடீஸ்வரர்கள் போட்டி போடும் கார்கள், என் வயதுக்காரர்கள் சம்பளத்தில் தவணை கட்டி வாங்குவதற்காகச் செய்யப்பட்டவை.

நான் மனப்பாடம் செய்த எண்களுக்கு வருகிறேன். 1964ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் பாண்டியாக் ஜிடிஓவையும் ஃபெராரி ஜிடிஓவையும் ஒப்பிட்டது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட பாண்டியாக்குக்கு 4.6 விநாடிதான் என்று எழுதியது. அட்டையில் இரண்டு கார்களும் முட்டிக்கொண்டு ஓடும் படம். உண்மையில் ஃபெராரி சோதனைக்கு வரவே இல்லை. அட்டைப்படம் வரைந்த ஓவியம். சோதனைக்குப் போன பாண்டியாக் கார்களில் ஒன்றில் 389 இஞ்சினுக்குப் பதில் இன்னும் பெரிய 421 இஞ்சினை ஒளித்து வைத்திருந்தார்கள். விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து இதை ஒப்புக்கொண்டார். அந்த 4.6 விநாடியை நான் பள்ளிப் பேச்சுப் போட்டியில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

குதிரைத்திறனும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் இஞ்சினைக் காரில் வைத்து அளக்கவில்லை. தனியாக மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, சைலன்சர் போன்றவற்றின் சுமை இல்லாமல் ஓடவிட்டு அளந்தார்கள். அதற்கு ‘கிராஸ்’ என்று பெயர். 1972ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து, எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் ‘நெட்’ கணக்குக்கு மாறினார்கள். 1971ஆம் ஆண்டின் கார்வெட் எல்டி-1 இஞ்சினுக்கு இரண்டு எண்ணையும் பார்க்கலாம்: கிராஸ் 330, நெட் 275. அதே இஞ்சின், அதே ஆண்டு. 55 குதிரைகள் தாளிலிருந்து ஓடிப்போயின!

வேடிக்கை என்னவென்றால், குறைத்துச் சொன்ன பொய்யும் உண்டு. இளைஞர்களின் வேகக் கார்களுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், சில இஞ்சின்களுக்கு வேண்டுமென்றே சிறிய எண்ணைப் போட்டார்கள். ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் இஞ்சினுக்கு 335 குதிரைத்திறன் என்றார்கள்; அதை அப்போதும் யாரும் நம்பவில்லை.

எண்கள் பொய் என்றால் பரவாயில்லை, கார் உண்மைதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் அண்ணனின் விஷயம் நடந்தது.

அண்ணன் என் சித்தப்பா மகன், என்னைவிட நான்கு வயது மூத்தவர். பழைய கஞ்சில் ஒன்றை வாங்கி, ஜப்பானிலிருந்து ‘ஹாஃப் கட்’டாக வந்த டர்போ இஞ்சினைப் பொருத்த ஆசைப்பட்டார். அப்பாவிடம்தான் முதலில் வந்தார். “மாத்தித் தரேன். ஆனா அதுக்கு முன்னாடி பிரேக்கு, சஸ்பென்ஷன் எல்லாம் பாக்கணும். அதுக்குக் காசு வச்சிருக்கியா?” என்றார் அப்பா. காசு இல்லை. வேறு ஒருவர் இஞ்சினை மட்டும் மாற்றிக் கொடுத்தார். சின்ன உடலில் பெரிய இஞ்சின், பிரேக் பழையது. டிலோரியன் செய்த அதே சமையல்! நான்தான் அண்ணனிடம் ஜிடிஓ கதையைச் சொல்லிச் சொல்லி உசுப்பேற்றியவள்.

மூன்றாம் மாதம், ஒரு மழை இரவில், கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி வேகத்தைக் குறைத்தது. அண்ணனின் கார் நிற்கவில்லை. வழுக்கிப் போய் நடுத்தடுப்பில் மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை, உள்ளே இரும்புக் கம்பி. மருத்துவமனையில் அப்பா யாரையும் எதுவும் சொல்லவில்லை. நான் வெளியே வந்து, கைப்பேசியின் முகப்பில் இருந்த ஜிடிஓ படத்தை அழித்தேன்.

பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்க வந்த பிறகு அந்தக் கேள்விக்கு நானே பதில் தேடத் தொடங்கினேன். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். டிரம் பிரேக்கில் அந்த வெப்பம் மூடிய சட்டிக்குள் தங்கிவிடும். சூட்டில் டிரம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் கட்டையைவிட்டு விலகும், உராய்வும் குறையும். ஒருமுறை அழுத்தினால் நிற்கும். மலைச்சரிவில் நான்காம் முறை அழுத்தும்போது பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் பிரேக் திறந்த காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறிவிடும். இது தெரியாமல் செய்த தவறு அல்ல. அதே நிறுவனத்தின் கார்வெட்டில் 1965ஆம் ஆண்டிலேயே நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் வந்துவிட்டது. ஜிடிஓவுக்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் முன்சக்கரங்களுக்கு மட்டும், கூடுதல் பணம் கொடுத்தால்!

என் கேள்வியை அமெரிக்காவே அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 1965ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், அமெரிக்கக் கார்கள் எவ்வளவு ஆபத்தானவை என்று ஒரு புத்தகம் எழுதினார். அவரைத் துப்பறிய ஆள் வைத்தது அம்பலமாகி, 1966ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் செனட் விசாரணையில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மோதினால் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் மடங்கும் ஸ்டீரிங் தண்டு, ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் வேலை செய்யும் இரட்டை பிரேக் மாஸ்டர் பம்ப், முன் இருக்கைகளுக்குத் தோள்பட்டை வார் எல்லாம் அடுத்தடுத்துக் கட்டாயமாயின. இத்தனைக்குப் பிறகும் 1972ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் 54,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மஸில் காரின் முடிவு சுருக்கமானது. காப்புறுதிக் கட்டணம், 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், 1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தட்டுப்பாடு. 1974ஆம் ஆண்டோடு ஜிடிஓ நின்றது. பாண்டியாக் என்ற பெயரே 2010இல் மறைந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு அந்தக் கார் பிடிக்கிறது. முன்மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். காற்று எங்கே நுழைகிறது, பெட்ரோல் எங்கே கலக்கிறது, பொறி எங்கே விழுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். இன்றைய கார்களில் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் டெட்ராய்ட் நகருக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூ சாலையில் ஆயிரக்கணக்கான பழைய கார்கள் ஊர்வலம் போகும். 1995ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. ஒருமுறையாவது போக வேண்டும்.

சென்ற விடுமுறையில் பட்டறையில் உட்கார்ந்து, ஒரு அமெரிக்கர் தன் 1965 ஜிடிஓவைப் புதுப்பிக்கும் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றே கால் தாங்கி நடந்துவந்து அண்ணனும் பக்கத்தில் அமர்ந்தார். அந்த மனிதர் முதல் வேலையாக முன்சக்கர டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டினார், மாஸ்டர் பம்பையும் இரட்டையாக மாற்றினார். தே தாரிக் குவளையோடு பின்னால் நின்ற அப்பா, “இவன் ஆளு. இஞ்சினைத் தொடவே இல்ல பாரு” என்றார்.

“இஞ்சின் எத்தனை குதிரை, பெரியப்பா?” என்றார் அண்ணன்.

“மறுபடியும் குதிரையா?” என்று அப்பா முறைத்தார். பிறகு அவரே என் பக்கம் திரும்பி, “எத்தனைம்மா?” என்றார்.

“மூணு கார்ப்ரேட்டர் வச்சா 360. ஆனா அது கிராஸ்.”

“நெட்டு?”

“அப்ப யாரும் நெட்டு போடலப்பா.”

“அப்ப நீ படிச்சு முடிச்சிட்டு அளந்து சொல்லு.”

அதற்குள் ஒரு மைவி உள்ளே வந்து நின்றது. பின்பக்க பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறது என்றார் ஓட்டிவந்தவர். அப்பா குவளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.