காது மிஷின் மாட்டினால் மட்டும் போதுமா? வகுப்பறையில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவிகள்!

கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் ‘பணம்’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘மணம்’. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். ‘பாடு’, ‘மாடு’ என்றாலும் அப்படியே.

காது சரியாகக் கேட்காத பிள்ளைகள் வகுப்பில் தினமும் அவிழ்க்கும் புதிர் இது. பாதியைக் காதால் பிடித்து, மீதியை ஆசிரியரின் உதட்டைப் பார்த்து ஊகிக்கிறார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அந்த வழியும் அடைபடும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வந்தானா, வந்தாளா, வரமாட்டார்களா என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். பேசும்போது குரல் இறங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ‘எழுதுங்க’ என்றாரா, ‘எழுத வேண்டாம்’ என்றாரா என்று புரியாமல் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு, ‘கவனம் இல்லை’ என்ற பெயர் வந்துவிடுகிறது.

மிஷின் எதுவரை உதவும்?

மூக்குக் கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாவதுபோல, காது மிஷின் போட்டதும் எல்லாம் சரியாகிவிடாது. ஆசிரியரின் குரலோடு ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம், பக்கத்து வகுப்பின் கூச்சல் எல்லாவற்றையும் அது சேர்த்தே கொண்டுவரும். பேசுபவர் சில அடி தூரத்தில் இருக்கும்போதுதான் நன்றாகப் பயன்படும்.

தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. அதன் பிறகும் தொடர்ந்து பேச்சுப் பயிற்சி தேவை. வகுப்பறையின் ஒத்துழைப்பும் தேவை.

செலவே இல்லாத உதவிகள்

* நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன் வரிசையில் இடம். சத்தம் போடும் ஃபேன், தெருப்பக்க ஜன்னல் அருகே வேண்டாம்.
* பிள்ளைகளைப் பார்த்துப் பேசிவிட்டு, பிறகு பலகையில் எழுதுவது.
* பின் பெஞ்சிலிருந்து வரும் பதிலை ஆசிரியர் ஒருமுறை திரும்பச் சொல்வது.
* வீட்டுப்பாடம், தேர்வுத் தேதியைப் பலகையில் எழுதிப்போடுவது.
* நடந்துகொண்டே டிக்டேஷன் சொல்லாமல், எதிரே நின்று சொல்வது.
* ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள். ‘என்ன சொன்னேன், சொல்லு’ என்று கேட்பது.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. காது கேளாத பிள்ளைக்கு எந்த மொழியும் முறையும் பொருந்துமோ, அதில் கற்பிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களுக்கும் இடம் தருகிறது.

இவற்றைப் பெற சான்றிதழும் அடையாள அட்டையும் கைகொடுக்கும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் அதற்கு வழிகாட்டும். அரசுப் பள்ளியில் படித்தால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பற்றித் தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

சைகை மொழி

‘சைகை கற்றால் பேச்சு வராது’ என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. மொழியே கிடைக்காமல் குழந்தையின் ஆரம்ப வருடங்கள் கழிவதுதான் உண்மையான இழப்பு. இந்திய சைகை மொழிக்கென மத்திய அரசு 2015-ல் டெல்லியில் தனி மையம் தொடங்கியது. அதன் அகராதியில் 2021-ல் 10,000 சொற்கள் சேர்ந்திருந்தன. வீட்டில் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொண்டால், பிள்ளை சாப்பாட்டு நேரப் பேச்சில் தனித்து விடப்படாது.

சான்றிதழ் கிடைக்காதவர்கள்

சட்டத்தின் கணக்கில், இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு. ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளையும், லேசான குறைபாடுள்ள பிள்ளையும் இதில் வருவதில்லை. ஆனால் வகுப்பில் அவர்களுக்கும் சொற்கள் தவறத்தான் செய்கின்றன. மேலே சொன்ன செலவில்லாத உதவிகள் எதற்கும் சான்றிதழ் தேவையில்லை, கேட்டால் போதும்.

பள்ளி திறந்த முதல் வாரமே வகுப்பாசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எந்தக் காது நன்றாகக் கேட்கும், எங்கே உட்கார வைக்க வேண்டும், மிஷினின் மாற்று பேட்டரி பையின் எந்த ஜிப்பில் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறினால், மறக்காமல் இன்னொரு தாள்.