திண்டிவனத்தில் பாதரசம் ஏன் இல்லை?

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் காற்றழுத்தமானியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாயில் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெள்ளி போல மின்னிக்கொண்டு நிற்கும் திரவம்தான் பாதரசம். அது ஓர் உலோகம். இரும்பு, செம்பு, ஈயம் போல அதுவும் பூமியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டதே.

எந்த பூமியிலிருந்து? நிச்சயமாக நம் பூமியிலிருந்து அன்று. விழுப்புரம் மாவட்டத்தில் கருங்கல்லுக்குக் குறைவில்லை. திண்டிவனம், வானூர் வட்டாரங்களில் கல் குவாரிகள் பல உண்டு. செஞ்சிக் கோட்டை நிற்கும் குன்றுகள் முழுவதும் கிரானைட் பாறைகளே. ஆனால் இந்தக் கற்களை எவ்வளவு உடைத்தாலும் ஒரு துளிப் பாதரசம் கிடைக்காது. இந்த மாவட்டத்தில் மட்டுமன்று, இந்தியாவில் எங்குமே பாதரசச் சுரங்கம் கிடையாது. நமக்கு வேண்டியதையெல்லாம் வெளிநாடுகளிலிருந்தே வாங்கி வந்திருக்கிறோம்.

ஏன் இப்படி? இதற்கு விடை பாதரசத்தின் ஒரே ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது.

ஓடிப்போகும் உலோகம்

இரும்பை உருக்க 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். பாதரசமோ சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கிறது. அதைத் திடப்பொருளாக்க வேண்டுமானால் சுழிக்குக் கீழே 39 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். 357 டிகிரியில் அது கொதித்து ஆவியாகிவிடும். கொதிக்கும் வரை கூடக் காத்திருப்பதில்லை. திறந்த கிண்ணத்தில் வைத்தால், நீர் உலர்வது போலவே, அதுவும் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆக, சூடு பட்டால் ஓடிப்போவதும் குளிர்ந்த இடத்தில் தங்குவதும் பாதரசத்தின் இயல்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பாறைகளைப் பார்ப்போம்.

நம் பாறை வந்த வழி

திண்டிவனம் வட்டாரத்தில் ஜல்லிக்கு உடைக்கப்படும் கருநீலக் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தா நகரோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்த கல்லும் இந்த வகைதான். சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் காணப்படும் அதே பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியலறிஞர், 1893-இல் அதற்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார்.

இந்தப் பாறை பூமியின் மேற்பரப்பில் உண்டானதன்று. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 டிகிரிக்கும் கூடுதலான வெப்பத்தில் பதப்பட்டது. அப்படியானால் இன்று சாலையோரத்தில் எப்படித் தெரிகிறது? அதன் மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையையும் மழையும் காற்றும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. நாம் நிற்பது ஒரு பழைய மாளிகையின் அடித்தளத்தின் மேல். மாடிகள் எல்லாம் என்றோ இடிந்து போயின.

இப்போது நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. 700 டிகிரி வெப்பத்தில் பாதரசம் தங்கியிருக்க வழியில்லை. அந்தக் காலத்தில் மேற்பரப்பை ஒட்டி எங்காவது பாதரசம் சேர்ந்திருந்தாலும், மாடிகளோடு சேர்ந்து அதுவும் அரித்துப் போயிருக்கும்.

அப்படியென்றால் பாதரசத்தைத் தேட வேண்டிய இடம் எது? மேற்பரப்பை ஒட்டியதாக இருக்க வேண்டும். அரிப்புக்கு இன்னும் இரையாகாத இளைய பூமியாக இருக்க வேண்டும். பாதரசத்தைக் கிளப்பிவிட அடியில் சூடு வேண்டும். அதைப் பிடித்து நிறுத்த மேலே குளிர்ச்சி வேண்டும். எரிமலைகளை ஒட்டிய வெந்நீரூற்றுகளில் இந்த நான்கும் ஒன்றுசேர்கின்றன. அத்தகைய ஓரிடத்துக்கு இப்போது போவோம்.

கந்தக மேடு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிளியர் லேக் என்ற பெரிய நன்னீர் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றிலும் எரிமலைகள். சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொங்கத் தொடங்கிய அந்த எரிமலைகள், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்வரை அவ்வப்போது பொங்கின. புவியியல் கணக்கில் இது நேற்று நடந்தது போல.

ஏரியின் கிழக்குக் கரையில், சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன், ஏரி வண்டலின் மேல் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்து ஆண்டிசைட் என்ற பாறையாயிற்று. அந்தப் பாறையின் வெடிப்புகள் வழியே வெந்நீரும் வாயுக்களும் மேலே வந்தன. இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த இடத்தை 'சல்ஃபர் பேங்க்' என்பார்கள். தமிழில் 'கந்தக மேடு' எனலாம்.

அங்கே பாதரசம் சேர்ந்தது எப்படி? பொதுவாகப் பூமியின் மேலோட்டில் பாதரசம் மிகமிக அரிது. ஒரு டன் பாறையில் சராசரியாக ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. கந்தக மேட்டின் அடியில், ஆழத்தில் சூடேறிய நீர், பழைய கடற்படிவுப் பாறைகளின் ஊடே செல்லும்போது இந்த நுண்ணிய அளவுப் பாதரசத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கரைந்தும் ஆவியாகவும் பாதரசம் மேலே ஏறியது. மேற்பரப்பை நெருங்க நெருங்க நீர் குளிர்ந்தது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவும் அங்கே ஏராளமாக இருந்தது. குளிர்ந்த பாதரசம் கந்தகத்தோடு கூடி, செந்நிறத் தாதுவாகப் பாறை இடுக்குகளில் படிந்தது. நம் சித்த மருத்துவ நூல்கள் இலிங்கம் என்று சொல்லும் பொருள் இதுவே. வேதியியலில் இது மெர்க்குரிக் சல்ஃபைடு. தூய இலிங்கம் 100 கிலோவில் 86 கிலோ பாதரசமே.

நீர் ஒரு பொருளைக் கரைத்து எடுத்துவந்து மற்றோர் இடத்தில் படியவைப்பது நமக்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அவை உண்டானதும் இவ்விதமே. மணலில் புதைந்த மரங்களுக்குள் நிலத்தடி நீர் சிலிக்காவைக் கொண்டு சேர்த்தது, மரம் கல்லாயிற்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. திருவக்கரையில் வேலை செய்தது சாதாரண நிலத்தடி நீர். கந்தக மேட்டில் வேலை செய்தது எரிமலை சூடேற்றிய வெந்நீர்.

மேலே மஞ்சள், கீழே சிவப்பு

கந்தக மேட்டுக்கு முதலில் வந்தவர்கள் பாதரசத்தைத் தேடி வரவில்லை. மேற்பரப்பில் வந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சள் கந்தகத்தைப் படியவைத்திருந்தது. 1860-களில் அதைத்தான் வெட்டினார்கள். ஆனால் ஆழம் போகப் போகக் கந்தகத்தில் சிவப்பு நிறம் கலந்து வந்தது. கந்தக வியாபாரிக்கு அது கலப்படம். பாதரசம் தேடுபவனுக்கோ அதுவே புதையல். 1870-களின் தொடக்கத்தில் கந்தகச் சுரங்கம் பாதரசச் சுரங்கமாக மாறியது.

அப்போது பாதரசத்துக்குக் கலிபோர்னியாவில் பெரும் தேவை இருந்தது. 1848-இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பாதரசம் தங்கத் துகளைப் பற்றிக்கொண்டு இரசக்கலவை ஆகும். மணலும் கல்லும் ஒதுங்கிவிடும். பின்பு சூடேற்றினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மட்டும் எஞ்சும்.

தாதுவிலிருந்து பாதரசத்தைப் பிரிப்பதும் எளிது. இலிங்கத்தைக் காற்றுப் படும்படி உலையிலிட்டு வறுத்தால் போதும். கந்தகம் ஆக்சிஜனோடு கூடி சல்ஃபர் டை ஆக்சைடு வாயுவாகப் பிரியும். பாதரசம் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்ந்த குழாய்கள் வழியே செலுத்தினால் துளித்துளியாகச் சேரும். அதை இரும்புக் குப்பிகளில் அடைத்து விற்பார்கள். ஒரு குப்பிக்கு 76 ராத்தல், அதாவது சுமார் 34.5 கிலோ. பாதரசம் நீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தியுள்ளது. அப்படியானால் அந்தக் குப்பியின் கொள்ளளவு என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை லிட்டர்தான் வரும்!

ஆனால் தாதுவை வெட்டி எடுப்பது எளிதாக இல்லை. தாதுவைக் கொண்டுவந்த வெந்நீரும் வாயுக்களும் இன்னும் ஓயவில்லை அல்லவா? சுரங்கத்தின் உள்ளே தாங்கமுடியாத சூடு. ஹைட்ரஜன் சல்ஃபைடும் கார்பன் டை ஆக்சைடும் மூச்சை அடைத்தன. எந்தச் சூட்டினால் தாது உண்டாயிற்றோ அதே சூடுதான் தொழிலாளர்களையும் வாட்டியது. இருபதாம் நூற்றாண்டில் சுரங்கவழிகளை விட்டுவிட்டு, இயந்திரங்களால் திறந்த பள்ளமாகத் தோண்டத் தொடங்கினார்கள். இடையிடையே நின்று நின்று நடந்த இச்சுரங்கம் 1957-இல் மூடப்பட்டது. அதற்குள் 4,000 டன்னுக்கு மேற்பட்ட பாதரசம் வெளியே வந்திருந்தது.

ஏரியும் மீனும்

சுரங்கத்தை மூடினாலும் கதை முடியவில்லை. கைவிடப்பட்ட பள்ளத்தில் அமிலத்தன்மை கொண்ட நீர் நிரம்பியது. சுமார் 9 ஹெக்டேர் பரப்பு, 27 மீட்டர் ஆழம். பள்ளத்துக்கும் ஏரிக்கும் நடுவே சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்திருந்தது. பள்ளத்து நீர் அந்தக் குவியலினூடே கசிந்து, பாதரசத்தையும் இழுத்துக்கொண்டு ஏரியில் சேர்ந்தது.

ஏரியின் அடிச்சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியங்கள் இருக்கின்றன. அவை பாதரசத்தை மீத்தைல் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. சேற்றிலிருந்து நுண்ணுயிர்களுக்கும், அவற்றைத் தின்னும் சிறு மீன்களுக்கும், சிறு மீன்களைத் தின்னும் பெரிய மீன்களுக்கும் அது போகிறது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு பன்மடங்கு கூடுகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், ஒரு தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்த இதே நஞ்சு, மீன் தின்ற மக்களின் நரம்புகளைத் தாக்கியது 1956-இல் வெளிப்பட்டது.

கந்தக மேட்டை அடுத்து எலெம் என்ற போமோ பழங்குடி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. சுரங்கம் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஏரி மீனை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். பாதரசத்தால் அவர்கள் பணக்காரர்கள் ஆகவில்லை. ஆனால் அவர்களுடைய சாலைகளுக்கும் வீட்டு மனைகளுக்கும் சுரங்கக் கழிவைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். 1987-இல் அந்த ஏரி மீனை அளவோடு உண்ணும்படி அரசு எச்சரித்தது. 1990-இல் அமெரிக்க அரசு, உடனடியாகத் தூய்மை செய்யவேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் அச்சுரங்கத்தைச் சேர்த்தது. சுமார் 85 ஆண்டுகள் இயங்கிய சுரங்கம் விட்டுச்சென்ற கழிவை அகற்ற, அது மூடிப் பல பத்தாண்டுகள் ஆனபின்பும் பாடுபடவேண்டியிருக்கிறது.

நமக்கும் உண்டு

சுரங்கம் இல்லாததால் நமக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கொடைக்கானலில் 1980-களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாதரசக் கழிவு பற்றிய புகார்கள் எழுந்ததும் 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் பாதரசம் கலந்த கண்ணாடி முதலிய பொருள்கள் சுமார் 290 டன், கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. நம் பாறைகளில் இல்லாத பாதரசம் நம் மலையின் மண்ணிலும் மரத்திலும் சேர்ந்துவிட்டது.

இதனால்தான் உலக நாடுகள் கூடி 2013-இல் மினமாட்டா உடன்படிக்கையைச் செய்தன. அது 2017-இல் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியாவும் அதை ஏற்றது. புதிய பாதரசச் சுரங்கம் திறக்க அதில் தடை உண்டு. பழைய சுரங்கங்களும் குறித்த காலத்துக்குள் மூடப்பட வேண்டும்.

வீட்டிலோ பள்ளியிலோ பாதரச வெப்பமானி உடைந்தால், உருண்டோடும் முத்துகளைக் கையில் எடுத்து விளையாடாதீர்கள். சன்னல்களைத் திறந்துவிட்டு, சிறு பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஆசிரியரை அல்லது பெரியவரை அழையுங்கள். கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. துளிகள் மேலும் சிதறும். சாக்கடையில் கொட்டவும் கூடாது. நெருப்பில் போடவே கூடாது. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். சூடு பட்டால் பாதரசம் ஓடிப்போகும். ஆனால் மறைந்து போகாது.