குண்டு மனிதருக்கு மயக்க மருந்து அதிகம் வேண்டுமா?

ஆபரேஷனுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஒல்லி, எடை 50 கிலோ. மற்றவர் பருமன், எடை 100 கிலோ. முகமூடி வழியாக மூச்சோடு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். பருமனானவருக்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டுமா?

வேண்டாம்!

மூச்சில் போகும் மருந்து நுரையீரலை அடைகிறது. அங்கே ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் அதை மூளைக்குக் கொண்டு போகிறது. உடனே மயக்கம் வருகிறது. நுரையீரல் காற்றில் மருந்து எத்தனை சதவிகிதம் என்பதுதான் கணக்கு; எத்தனை கிலோ எடை என்பது அல்ல.

"செவோபுளூரேன்" என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்காரர்களில் பாதிப் பேர் கத்தி பட்டாலும் அசையாமல் இருக்க, சுமார் 2 சதவிகிதம் போதும்.

கொழுப்பு ஒரு கிடங்கு

மூளை, இருதயம், ஈரல், சிறுநீரகம் போன்றவை உடல் எடையில் ஏறத்தாழ 10-ல் ஒரு பங்குதான். ஆனால், இருதயம் அனுப்பும் ரத்தத்தில் 4-ல் 3 பங்கு அவற்றுக்கே போகிறது. கொழுப்புக்குக் கொஞ்சம்தான் போகிறது. ஆகவே அங்கே மருந்து மெல்ல மெல்லச் சேருகிறது. ஆபரேஷன் பல மணி நேரம் நீடித்தால், சேர்ந்த மருந்து மெதுவாக வெளியேறும். கண் விழிக்கச் சற்றுத் தாமதம் ஆகலாம்.

பருமனானவருக்கு வேறு ஆபத்து உண்டு. படுத்ததும் வயிறு நெஞ்சை அழுத்தும். நுரையீரலில் இருப்புக் காற்று குறையும். அதனால் தலைமாட்டை உயர்த்தி, முதலில் பிராணவாயு கொடுக்கிறார்கள்.

குழந்தையும் கிழவரும்

குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவார்கள். மருந்தும் வேகமாக ஏறும். ஆனால் அவர்களுக்குச் சதவிகிதம் கூடுதலாக வேண்டும். 40 வயதுக்கு மேல், 10 ஆண்டுக்குச் சுமார் 6 சதவிகிதம் வீதம் தேவை குறைகிறது. கர்ப்பிணிகளுக்கும் குறைவாகவே போதும்.

பலவீனமான இருதயம் உள்ளவருக்கு மயக்கம் தாமதமாக வரும் என்று நினைப்பீர்கள். நடப்பது நேர்மாறு! ரத்தம் மெதுவாக ஓடுவதால், நுரையீரலில் இருந்து அது அள்ளிச் செல்லும் மருந்து குறைவு. அதனால் அங்கே மருந்தின் அளவு சீக்கிரம் உயரும். மயக்கம் மளமளவென்று ஆழமாகிவிடும்.

மறைக்காதீர்கள்

ஆகவே, ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர் கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள். வயது, எடை, குறட்டை, படி ஏறினால் மூச்சு இரைப்பு, சிகரெட், மது எதையும் மறைக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு வரச் சொன்ன நாளில் ஒரு வாய் காபி குடித்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். அது உயிரைக் காக்கும்.